"ஸ்மெல் இஸ் கமிங்": ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை காரணமாக நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் பேச்சு. மற்றதையெல்லாம் சமாளித்துவிடுகிறேன். வாசனை என்று வந்தால் மட்டும் திணறல். போன வாரம் உடன் வேலை செய்பவர் ஒருவர் நல்ல சென்ட் போட்டு வந்திருந்தார். பாராட்டலாம் என்று "யூ ஸ்மெல்" என ஆரம்பித்தேன். அடுத்த சொல் வரவில்லை, அப்படியே நின்றுவிட்டேன். அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அகராதியைத் திறந்தால் ஃப்ரேக்ரன்ஸ், அரோமா, ஓடர் என்று அடுக்கியிருக்கிறது. எதை எங்கே சொல்வது?

கி.

அன்புள்ள கி.,

நீங்கள் ஆரம்பித்தது சரிதான், நிறுத்திய இடம்தான் வம்பு. ஆங்கிலத்தில் 'ஸ்மெல்' என்ற வினை பக்கத்தில் துணையில்லாமல் நின்றால் கெட்ட பக்கம் சாய்ந்துவிடும். "இட் ஸ்மெல்ஸ்" என்றால் 'நாறுது' என்றே பொருள். "யூ ஸ்மெல்" என்றால் என்ன என்பதை உங்கள் நண்பரின் முகமே சொல்லிவிட்டது.

இதில் ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. வள்ளுவர் ஐம்புலன்களை அடுக்கும்போது "சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்" என்கிறார். மொட்டுக்குள் அடங்கியிருக்கும் மணத்துக்கும் அவருக்கு நாற்றம்தான் சொல். இன்று யாரிடமாவது அப்படிச் சொல்லிப் பாருங்கள்! ஆங்கிலத்தின் 'ஸ்டிங்க்' கதையும் இதேதான். பழைய ஆங்கிலத்தில் அது நறுமணத்துக்கும் பொதுவான சொல்லாக இருந்தது. பொதுச்சொல்லைத் தனியே விட்டால் கெட்டுப்போகும் போலிருக்கிறது.

அகராதி அடுக்கிய சொற்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஃப்ரேக்ரன்ஸ் பாட்டில் மேல் இருக்கும். அரோமா விளம்பரத்தில் இருக்கும். ஓடர் புகார்க் கடிதத்தில் இருக்கும். வாய்ப்பேச்சில் முக்கால்வாசி வேலையை ஸ்மெல் ஒன்றே பார்த்துக்கொள்ளும். நாம் சென்ட் என்று சொல்லும் பொருளை அவர்கள் இன்றைய பேச்சில் பெர்ஃப்யூம் என்பார்கள். அவர்களுக்கு சென்ட் என்றால் பெரும்பாலும் இலேசான நறுமணம், இல்லாவிட்டால் நாய் மோப்பம் பிடித்துப் போகும் தடம்.

நம் ஆட்கள் வழுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. தமிழில் வாசனை 'வருகிறது', 'அடிக்கிறது', 'வீசுகிறது'. அந்தப் பழக்கத்தில் "காபி ஸ்மெல் இஸ் கமிங்" என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வாசனை அப்படித் தானாக நடந்து வராது. மூக்குக்காரரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்: "ஐ கேன் ஸ்மெல் காபி." இல்லையென்றால் பொருளிடமிருந்து: "தட் காபி ஸ்மெல்ஸ் குட்." இந்த 'கேன்' திறமையைச் சொல்வதில்லை, மூக்குக்குத் தானாக எட்டியதைச் சொல்கிறது. "ஐ ஆம் ஸ்மெல்லிங்" என்றால் வேண்டுமென்றே குனிந்து முகர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்றால் "ஐ கேன் ஸ்மெல் சம்திங் பர்னிங்." 'கமிங்' வரும் இடமும் ஒன்று இருக்கிறது, எங்கிருந்து என்று சொல்லும்போது: "தேர்ஸ் எ ஸ்மெல் கமிங் ஃப்ரம் தி சிங்க்." அப்புறம், "ஸ்மெல்ஸ் குட்"தான், "ஸ்மெல்ஸ் வெல்" கிடையாது.

'ஸ்மெல்ஸ் ஆஃப்', 'ஸ்மெல்ஸ் லைக்' இரண்டும் குழப்பும். அறை "ஸ்மெல்ஸ் ஆஃப் பெயின்ட்" என்றால் அங்கே நிஜமாகவே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நனைந்த கோட்டு "ஸ்மெல்ஸ் லைக் எ வெட் டாக்" என்றால் நாய் எதுவும் வரவில்லை, வாடை மட்டும் அப்படி. அமெரிக்கர்கள் இரண்டுக்குமே 'லைக்' போட்டுவிடுவதுண்டு, அதனால் இதற்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

கவனித்தீர்களா, பெரும்பாலான வாசனைகளை ஆங்கிலம் அவை எதிலிருந்து வருகின்றனவோ அந்தப் பொருளைக் காட்டித்தான் சொல்கிறது. மலாய் தீபகற்பத்தின் ஜஹாய் மக்களிடம் அப்படி இல்லை. அவர்கள் மொழியில் பொருளைச் சாராமல், வாசனையின் தன்மையை மட்டும் குறிக்க ஒரு டஜன் சொற்கள் இருக்கின்றன. அசிஃபா மஜித், நிக்லஸ் புரென்ஹுல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஜஹாய்க்காரர்கள் நிறத்தைச் சொல்வதுபோலவே சுலபமாக வாசனையையும் சொன்னார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் சுற்றி வளைத்துத் தடுமாறினார்கள். நம்மிடமும் நெடி, வீச்சம், வாடை, கமழ்தல் எல்லாம் இருக்கின்றன. 'நெடி'க்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடி நானும் களைத்திருக்கிறேன். "எ ஸ்ட்ராங் ஸ்மெல்" என்றுவிட்டு மூக்கைச் சுளிப்பதோடு சரி. ஆகவே உங்கள் திணறலில் பாதி அந்த மொழியின் திணறல்.

கெட்ட வாடையைச் சொல்வதில்தான் உண்மையான சாமர்த்தியம் வேண்டும். பால் கெட்டதுபோல் தெரிந்தால் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், டம்ளரை நீட்டிக் கேட்பார்கள்: "டஸ் திஸ் ஸ்மெல் ஆல்ரைட் டு யூ?" பழி உங்கள் மூக்குமேலும் இல்லை, பால் வாங்கியவர்மேலும் இல்லை. "இட் ஸ்மெல்ஸ் எ பிட் ஃபன்னி" என்றால் சிரிப்புக்கு ஒன்றுமில்லை, ஏதோ சரியில்லை என்று பொருள். 'எ பிட்' என்பதை விட்டுவிடாதீர்கள், அந்த இரண்டு சொட்டு எண்ணெய் இல்லாவிட்டால் வாக்கியம் கிறீச்சிடும். பூட்டிக்கிடந்து ஈரம் ஏறிய அறைக்கு 'மஸ்டி'. ஆட்கள் நிறைந்து காற்றில்லாத அறைக்கு 'ஸ்டஃபி'. எனக்கு இந்த ஸ்டஃபி மீது தனிப் பிரியம். "இட்ஸ் எ பிட் ஸ்டஃபி இன் ஹியர், ஷல் ஐ ஓப்பன் எ விண்டோ?" என்றால் யாருடைய காலுறையையும் சுட்டிக்காட்டாமல் காரியம் முடிந்துவிடும். 'ஸ்டிங்க்', 'ரீக்' இரண்டும் கனமானவை. குப்பைத்தொட்டிக்குச் சொல்லலாம், ஆட்களைச் சொல்ல வேண்டாம்.

இனி உங்கள் நண்பர். "யூ ஸ்மெல் நைஸ்" என்று நீங்கள் முழுதாக முடித்திருந்தாலும் கொஞ்சம் நெருடியிருக்கும். நெருங்கியவர்கள் பக்கத்தில் வந்து சொல்லும் வார்த்தை அது. அலுவலகத்தில் பாராட்டை ஆளுக்குக் கொடுக்காமல் பாட்டிலுக்குக் கொடுத்துவிடுவார்கள்: "தட்ஸ் எ நைஸ் பெர்ஃப்யூம்." நாளைக்கே போய், "அன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். இந்தத் தடவை நடுவில் நிறுத்தாதீர்கள்.