ஈ.எம்.ஐ. கட்டும் மெஷின்

கேள்வி: செல்போன், டிவி எல்லாம் வருஷத்துக்கு வருஷம் விலை இறங்குகிறது. தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்தும் குடும்பத்தின் மருத்துவச் செலவு மட்டும் ஏன் ஏறிக்கொண்டே போகிறது? ஸ்கேன் சென்டர் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. போட்டி வந்தால் மலிவாக வேண்டாமா? நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, சாமானியனின் சந்தேகம். பின்குறிப்பு: 'ஆடி ஆஃபரில் ஃபுல் பாடி செக்கப் போட்டிருக்கிறார்கள், சேர்ந்து போகலாம்' என்கிறார் என் மைத்துனர். போகலாமா? பெயர் போட வேண்டாம், அவரும் உங்கள் வாசகர்.
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: ஸ்கேன் என்று எழுதிவிட்டீர்கள். எனக்குப் பொருளாதாரம் மறந்து ட்யூப்லைட் ஞாபகம் வந்துவிட்டது.

வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு டாக்டர் உண்டு. மருத்துவம் படித்தவர் இல்லை, பெரியப்பாவோ தாய்மாமனோதான். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெரிய கவர் வந்த அன்று சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஃபிலிமை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து உருவுவார், ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்குவார், ஒரு கண்ணை மூடுவார். வீட்டில் ஒருவர் பேச மாட்டார்கள். "ம்... இதோ வெள்ளையா இருக்கே, பாத்தியா?" என்பார். எலும்பு வெள்ளையாகத்தான் தெரியும், அதை அவரிடம் யார் சொல்வது? ஏழாவது படிக்கிற பையன் ஒருவன் ஃபிலிம் தலைகீழாக இருக்கிறது என்பான். "அப்படிப் பாத்தாத்தான் தெரியும், நீ போய்ப் படி" என்று அவனுக்குத் திட்டு விழும். கடைசியில் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதையே தம் கண்டுபிடிப்பாக அறிவித்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போவார். அந்தக் காபிதான் கன்சல்டிங் ஃபீஸ். வடஆற்காட்டில் இன்றுவரை கட்டணம் ஏறாத மருத்துவ சேவை அது ஒன்றுதான். இப்போது ஃபிலிம் போய் வாட்ஸப்பில் லிங்க் வருகிறது. பெரியப்பா பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். (ஆமாம், வடஆற்காடு என்று பழைய மாவட்டப் பெயரைத்தான் எழுதுவேன். 1989-ல் பிரித்தார்கள், 2019-ல் மறுபடி பிரித்தார்கள். பிரிக்கிறவர்கள் பிரிக்கட்டும்.)

சாமானியன் என்று நீங்கள் கூச்சப்பட வேண்டாம். சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டும் மருத்துவர் இல்லை, பல்கலைக்கழகப் பட்டம்கூட இல்லாத இன்ஜினீயர். வேலை பார்த்தது இசைத்தட்டு விற்ற ஈ.எம்.ஐ. கம்பெனியில். 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தார்கள். 1979-ல் நோபல் பரிசு. அதற்கு முன்பெல்லாம் என்ன செய்தார்கள் தெரியுமா? முதுகுத்தண்டில் ஊசி குத்திக் காற்றை ஏற்றி, அது மூளைப் பக்கம் போன பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். நோயாளிக்கு வலியில் தலையே வெடித்துவிடும் போலிருக்கும். நம் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949-ல் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியபோது ஸ்கேன் என்ற பேச்சே கிடையாது. ஆகவே மெஷினைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஈ.எம்.ஐ. கண்டுபிடித்த மெஷினை நம்மூர் சென்டர்காரர் ஈ.எம்.ஐ. கட்டித்தான் வாங்குகிறார். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதில் இருக்கிறது. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் தவணை கட்டியாக வேண்டும். சும்மா நிற்கிற மெஷின் அவர் கண்ணை உறுத்தும். போட்டியில் ஒரு ஸ்கேனுக்கான கட்டணம் கொஞ்சம் இறங்கலாம், மறுக்கவில்லை. கூடவே ஸ்கேன்களின் எண்ணிக்கை ஏறிவிடும். ஆஸ்பத்திரியில் கட்டில் போட்டால் அதற்கு ஆள் வந்துவிடும் என்று மில்டன் ரோமர் என்ற அமெரிக்கர் 1960-களிலேயே சொல்லிவிட்டார். கத்தரிக்காய் வேண்டுமா வேண்டாமா என்று கடைக்குப் போகுமுன் நாம் முடிவு செய்கிறோம். ஸ்கேன் வேண்டுமா என்பதை எதிரில் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்கிறார், பணம் மட்டும் நம்முடையது. மருத்துவம் மற்ற சந்தைகளைப் போல நடக்காது என்று கென்னத் ஆரோ என்ற பொருளாதார நிபுணர் 1963-ல் எழுதியதற்கு இது முக்கியமான காரணம்.

இதற்கும் முன்னால், 1865-ல், ஒன்று மலிவானால் அதன் உபயோகம் ஏறிவிடும் என்பதை ஜெவன்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் நிலக்கரி விஷயத்தில் கவனித்தார். குறைந்த கரியில் ஓடும் நீராவி இயந்திரம் வந்தது. கரி மிச்சமாகும் என்று எதிர்பார்த்தார்கள். இயந்திரங்கள் பெருகி, கரிச் செலவு இன்னும் கூடிவிட்டது.

இங்கே கிணற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "எதைக் கேட்டாலும் கடைசியில் கிணற்றில் போய் விழுகிறீரே" என்று ஆரணி வாசகர் ஒருவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்குக் கார்டு போடுகிறார். இந்த வருஷமும் போடட்டும். மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் நீர் இறைத்த காலத்தில் மாடு களைத்தால் இறைப்பு நின்றது. மோட்டார் வந்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. இறைப்பதற்குச் செலவே இல்லை என்றானதும் கிணறு இறங்கியது. கிணற்றுக்குள் போர் போட்டோம். அதுவும் இறங்கியது. 1973-74-ல் கேம்பிரிட்ஜிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து வடஆற்காட்டுக் கிராமங்களில் நெல்லையும் பம்ப்செட்டையும் எண்ணிப் போனார்கள். நிலத்தடி நீருக்கு என்ன ஆகும் என்ற கவலை அப்போதே அவர்களுக்கு வந்துவிட்டது. நமக்கு வரவில்லை. தண்ணீர் இலவசமாக வந்த ஊரில் இன்று இருபது லிட்டர் கேன் வாங்கிக் குடிக்கிறோம். இலவச மின்சாரத்தை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம், நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான்.

சரி, உங்கள் மைத்துனர். தென்கொரியாவில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்று 1999-ல் வந்தது. அதில் தைராய்டு கிடையாது. ஆனால் வந்தவர்களிடம் "கொஞ்சம் காசு சேர்த்துப் போட்டால் கழுத்தையும் பார்த்துவிடலாம்" என்றார்கள். கட்டணம் மலிவு, ஜனங்களும் காட்டினார்கள். 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு தைராய்டு புற்றுநோய் 2011-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோயால் இறந்தவர்கள் கணக்கோ குறையவே இல்லை, இருந்த இடத்திலேயே நின்றது. அதாவது சும்மா விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்காத கட்டிகளைத் தேடிப் பிடித்து அறுத்திருக்கிறார்கள். சுரப்பியை எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரை. அந்த மாத்திரைக்கும் பில் உண்டு, அதுவும் உங்கள் 'ஏறிக்கொண்டே போகும்' கணக்கில்தான் சேரும்.

உடம்பில் கோளாறு தெரிந்து டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஸ்கேன் வேறு. அதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மைத்துனருக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லையென்றால் முதலில் பி.பி.யும் சுகரும் பார்த்துக்கொள்ளட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டுக்கும் காசு கிடையாது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். ஆடி ஆஃபருக்கு அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுங்கள். இல்லை, செக்கப்புக்குப் போயே தீருவேன் என்று நின்றால், ரிப்போர்ட் வந்த பிறகு அதை வைத்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்து பேசப்போகிற டாக்டர் யார் என்று பணம் கட்டுமுன் கேட்கச் சொல்லுங்கள்.