அசல் தளம் இருக்கும்போது மிரர் தளம் எதற்கு?

கேள்வி: லினக்ஸ் டவுன்லோடு செய்யப் போனால் 'மிரரைத் தேர்ந்தெடுக்கவும்' என்று நாடு வாரியாக ஒரு பட்டியல் வருகிறது. திருட்டுப் படம் போடுகிறவர்களும் 'மிரர் லிங்க்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? எப்படி நகலெடுக்கிறார்கள், எதற்காக?

பெயர் ஒன்று, வேலை வேறு. மிரர் என்றால் ஒரு தளத்தில் இருப்பதை அப்படியே நகலெடுத்து வேறொரு சர்வரில் வைப்பது. கொஞ்ச காலம் ஒரு மிரரைக் கட்டி மேய்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

2008 வாக்கில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அறுபது கணினிகள், எல்லாவற்றிலும் உபுண்டு என்ற லினக்ஸ். கல்லூரி முழுமைக்கும் இருந்த இணைப்பு 2 எம்பிபிஎஸ். ஒரு கணினிக்கு 300 எம்பி அப்டேட் என்று வைத்தால் அறுபதுக்கும் சேர்த்து 18 ஜிபி. அந்த லைனில் வேறு ஒருவரும் மெயில்கூடப் பார்க்காமல் இருந்தாலும் 20 மணி நேரம் ஆகும். அதே 300 எம்பியை ஒரே ஒரு முறை உள்ளே கொண்டுவந்து ஒரு சர்வரில் வைத்துவிட்டால்? 20 நிமிடம். மற்றதெல்லாம் லேபுக்குள்ளேயே பார்த்துக்கொள்ளும். மிரர் எதற்கு என்பதற்கு முதல் பதில் இந்தக் கணக்குதான்.

நாங்கள் ஒரு கட்டடத்துக்குள் செய்ததை 1990களில் நாட்டுக்கு நாடு செய்தார்கள். கடல் கடந்து போகும் இணைப்புகளில் இடம் குறைவு, விலையோ அதிகம். அமெரிக்காவில் இருக்கும் ஒரே ஃபைலை ஐரோப்பாவில் ஆயிரம் பேர் ஆயிரம் தடவை இழுப்பானேன் என்று, லண்டன் இம்பீரியல் கல்லூரி போன்ற இடங்களில் ஒரு நகல் வைத்தார்கள். இங்கே ஐஐடி கான்பூரும் லினக்ஸ் மிரர் வைத்திருந்தது. பட்டியலில் உங்களுக்குப் பக்கத்து ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அதனால்தான். இப்போது அந்த வேலையின் பெரும்பகுதியை சிடிஎன் என்னும் வணிக வலையமைப்புகள் உங்களிடம் கேட்காமலே செய்துவிடுகின்றன.

அடுத்து, எப்படி நகலெடுக்கிறார்கள். பெரும்பாலான லினக்ஸ் மிரர்களுக்குப் பின்னால் இருப்பது ஆர்சிங்க் என்ற நிரல். 1996இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கரஸும் எழுதியது. ஏற்கெனவே இருந்து, மாறாமல் இருக்கும் ஃபைல்களைத் தொடாது. ஒரு ஃபைல் மாறியிருந்தால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கணக்கிட்டு, இரண்டு பக்க எண்களையும் ஒப்பிட்டு, மாறிய துண்டை மட்டும் அனுப்பும். டெபியன் என்ற லினக்ஸின் மென்பொருள் களஞ்சியம் ஒரு நாளைக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் இறக்குவதென்றால் எந்தக் கல்லூரியும் மிரர் வைத்திருக்காது.

இதில் நான் சொதப்பிய கதை ஒன்று உண்டு. நானே எழுதிய ஸ்கிரிப்ட் ராத்திரி ஒரு மணிக்கு ஓடும். முதலில் எந்தெந்த மென்பொருள் இருக்கிறது என்ற பட்டியலை இறக்கும், அப்புறம் மென்பொருட்களை. ஒருநாள் பாதியில் கரண்ட் போய்விட்டது. காலையில் பட்டியல் புதுசு, சரக்கு பழசு. ரேஷன் கடைப் பலகையில் சர்க்கரை இருப்பு என்று எழுதியிருக்க, உள்ளே போனால் லோடு இன்னும் வரவில்லை என்பார்களே, அதே நிலை. அறுபது கணினியிலும் பிழைச் செய்தி. டெபியன்காரர்கள் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவர்கள் தரும் ஸ்கிரிப்ட் முதலில் சரக்கை இறக்கும், பிறகுதான் பட்டியலை மாற்றும், பழையதை அழிப்பது கடைசியில். நடுவில் எங்கே நின்றாலும் பட்டியலில் இருப்பது உள்ளே இருக்கும்.

இதெல்லாம் தளக்காரர் கதவைத் திறந்துவைத்தால்தான். அப்படி இல்லாதபோது வெளியிலிருந்து டபிள்யூகெட், எச்டிட்ராக் போன்ற கருவிகளால் நகலெடுப்பார்கள். அவை முதல் பக்கத்தைத் திறந்து, அதில் உள்ள லிங்க் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, கிடைத்த பக்கங்களையும் படங்களையும் சேமித்து, லிங்குகளையும் உள்ளூர் முகவரிக்குத் திருத்திவிடும். பார்வைக்கு அசல் போலவே இருக்கும். ஆனால் தேடல் பெட்டியில் எதையாவது தட்டிப் பாருங்கள், வேலை செய்யாது. பக்கம் வந்ததே தவிர அதன் பின்னால் இருந்த தரவுத்தளம் வரவில்லை.

வேகத்தைத் தவிர இரண்டாவது காரணம், தடை. 2010 டிசம்பரில், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தை அமேசான் தன் சர்வரிலிருந்து இறக்கிவிட்டது. அடுத்து, தளத்தின் பெயரைத் தட்டினால் சரியான சர்வருக்கு வழிகாட்டும் எவ்ரிடிஎன்எஸ் நிறுவனம் அதற்கான சேவையை நிறுத்தியது. தன்னார்வலர்கள் தங்கள் சர்வரில் ஒரு இடத்தை ஒதுக்கி, விக்கிலீக்ஸுக்கு அங்கே ஃபைல் ஏற்றும் அனுமதியையும் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே மிரர்கள் ஆயிரத்தைத் தாண்டின. ஒன்றை மூடினால் இன்னொன்று.

திருட்டுப் பட ஆட்கள் கடன் வாங்கியது இந்த உத்தியைத்தான். ஆனால் அங்கே 'மிரர்' என்பது பெரும்பாலும் மிரரே கிடையாது. நீதிமன்றம் ஒரு முகவரியைத் தடுக்கச் சொன்னால் அதே கடைக்கு வேறு பெயர்ப்பலகை மாட்டுகிறார்கள். அந்தப் பெயரில் போலிகளும் வரும். திருடனின் போலியிடம் போய் 'டவுன்லோடு' பட்டனை அழுத்துகிறவரின் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

மூன்றாவது, அசல் செத்துப்போவது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியபோது, ஆர்கைவ் டீம் போன்ற தன்னார்வக் குழுக்கள் முடிந்தவரை அள்ளி வைத்தன. தொடக்க காலத் தமிழ்ப் பக்கங்கள் சிலவும் அங்கே இருந்தன. யூனிகோடுக்கு முந்தைய அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கங்களின் நகலை இன்று திறந்தால் வருவது தமிழ் அல்ல, புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள். பக்கத்தைப் பிரதி எடுத்தவர்கள் அதற்கான எழுத்துருவை எடுக்கவில்லை.

'அப்படியானால் மிரர் இருந்தால் பேக்கப் வேண்டாமா' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, லினக்ஸுக்கான டெஸ்க்டாப் மென்பொருட்களை எழுதும் கேடிஈ குழுவின் கதை. 2013 மார்ச்சில், நிரல்களைச் சேமித்து வைக்கும் அவர்களுடைய முதன்மை கிட் சர்வரில் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போனது. சுமார் 1,500 மென்பொருள் களஞ்சியங்கள் அதில் இருந்தன. உலகின் வெவ்வேறு இடங்களில் மிரர்கள் இருக்கின்றன என்ற நிம்மதியில் இருந்தார்கள். மிரர்களோ கெட்டுப்போன அசலைப் பார்த்து, தங்களிடம் இருந்த நல்லதையும் அழித்துக்கொண்டன. அதுதானே அவற்றுக்கு இட்ட வேலை! தற்செயலாகத் தப்பிய ஒரே ஒரு சர்வரிலிருந்துதான் மீட்டார்கள்.

சட்டப்படி தவறா என்றால், அசலின் உரிமையாளர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. விக்கிப்பீடியாவின் கட்டுரை உரையை முழுவதும் நகலெடுத்து உங்கள் பெயரில் ஒரு தளம் வைக்கலாம். எங்கிருந்து எடுத்தது என்று சொல்லி, அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், அவ்வளவே. தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அதே விதி. உரிமம் தராத தளத்துக்கு அந்தப் பேச்சே இல்லை.

நல்ல மிரரை அடையாளம் காண நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அசல் தளம் அதைத் தன் பட்டியலில் காட்டுகிறதா? 'நான் இன்னாருடைய மிரர்' என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வது கணக்கில் வராது. அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் சொந்தத் தளத்தையே உடைத்து, டவுன்லோடு லிங்கை பல்கேரியாவில் இருந்த ஒரு சர்வருக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே இருந்தது, வெளியாள் ரகசியமாக நுழையப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ, அதாவது இன்ஸ்டால் செய்யும் ஃபைல்.

அதனால் நீங்கள் பட்டியலில் எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, ஃபைல் இறங்கியதும் அதன் ஷா256 எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட்டுவிடுங்கள். அது ஃபைலின் கைரேகை மாதிரி, உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஒப்பிட வேண்டிய எண்ணை அதே மிரரிலிருந்து எடுக்காதீர்கள், முதன்மைத் தளத்திலிருந்து எடுங்கள். அங்கே, வெளியிட்டவர் யார் என்பதை உறுதிசெய்யும் ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையொப்பமும் கொடுத்திருந்தால் அதையும் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலை.