வியட்நாமின் டா நாங் நகரம் வரை போகிறவர்கள், சாம் மக்கள் கட்டிய பழைய மீ சன் கோயில்களுக்காக அரை நாள் ஒதுக்கலாமா?

தாராளமாக ஒதுக்குங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டா நாங் ஊருக்குள்ளேயே, ஹான் ஆற்றங்கரையில் சாம் சிற்ப அருங்காட்சியகம் இருக்கிறது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் மீ சன் கிளம்புங்கள். "அங்கே வெறும் இடிந்த செங்கல்தான், அதற்காக அவ்வளவு தூரம் போகணுமா?" என்று சிலர் சொல்வதுண்டு. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நேராக மீ சன் போய் வந்தவர்கள். கோயில்கள் நிற்பது மீ சன்னில். அங்கிருந்த சாமிகளில் பலர் இருப்பது டா நாங்கில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு கோயிலைப் பார்த்ததாகும்.

இன்றைய வியட்நாமின் நடுப்பகுதிக் கடற்கரையிலும் அதற்குத் தெற்கிலும் பல நூற்றாண்டுகள் ஆண்டவர்கள் சாம் மக்கள். அவர்களின் நாடு சம்பா. மொழி மலாய் மொழிக்கு உறவு. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் பத்ரவர்மன் என்ற அரசன் மலை சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு லிங்கத்தை நிறுவி, தன் பெயரையே சேர்த்துப் பத்ரேசுவரன் என்று பெயரிட்டான். தஞ்சையில் ராஜராஜன் எழுப்பிய கோயில் ராஜராஜேச்சரம் ஆனது போலத்தான், ஆனால் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. அந்தக் கோயில் தீயில் அழிந்தது. 7ஆம் நூற்றாண்டில் சம்புவர்மன் மறுபடி கட்டி, சாமிக்குச் சம்புபத்ரேசுவரன் என்று பெயர் வைத்தான். பின்னால் வந்த அரசர்களும் ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டே போனார்கள். 13ஆம் நூற்றாண்டு வரை இது நடந்திருக்கிறது. ஒரே இடத்தில் இத்தனை நூற்றாண்டுகள் விடாமல் கோயில் எழுப்பிய இடங்கள் தென்கிழக்கு ஆசியாவில் மிகக் குறைவு.

அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை என்றாலும் மீ சன் கூடத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே மீ சன்னின் இ1 கோயிலின் (இ1 என்பது ஆய்வாளர்கள் கொடுத்த பெயர்) லிங்க பீடம் இருக்கிறது. மணற்கல். சுற்றிலும் முனிவர்களின் காட்டு வாழ்க்கையைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒருவர் குழல் ஊதுகிறார், ஒருவர் யாழ் போன்ற ஒன்றை மீட்டுகிறார், படிக்கட்டில் நடனப் பெண்கள். லிங்கத்தைத் தாங்கும் கல்லில் இவ்வளவு நடமாட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பக்கத்திலேயே நின்ற கோலத்தில் ஒரு பிள்ளையார் இருப்பார், கிண்ணத்தில் தும்பிக்கையை விட்டபடி. நம்மில் யாருக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதே இ1 கோயிலின் முகப்பிலிருந்து எடுத்துவந்த அனந்தசயனமும் உண்டு: படுத்திருக்கும் திருமால், அவர் உந்தியிலிருந்து எழும் பிரம்மா. சிவன் கோயில் வாசலில் திருமாலை வைப்பதில் அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் மீ சன். டா நாங்கிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர், ஹோய் ஆன் ஊரிலிருந்து 40. நுழைவாயிலிலிருந்து மின்வண்டியில் கொஞ்ச தூரம் கொண்டுபோய் விடுவார்கள், அப்புறம் நடை. ஒரு காலத்தில் 70க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருந்தன. இப்போது அடையாளம் தெரிகிற அளவுக்கு நிற்பவை சுமார் 20. ஏ, பி, சி என்று எழுத்தும் எண்ணும் சேர்த்துப் பெயரிட்டது பிரெஞ்சுக்கார ஆய்வாளர்கள். பி, சி, டி தொகுதிகள் ஒன்றையொன்று ஒட்டி இருப்பவை, அவைதான் ஓரளவு முழுமையாக நிற்கின்றன. நேரத்தை அங்கே செலவழியுங்கள்.

சுவருக்கு மிக அருகில் போய்ச் செங்கல்லைப் பாருங்கள் (தொட வேண்டாம்). இரண்டு கற்களுக்கு நடுவே சாந்து கண்ணுக்கே தெரியாது. கத்தி முனை நுழைய இடமிருக்காது. எண்ணெய் வடியும் ஒருவகைக் காட்டு மரத்தின் பிசினை ஒட்டுவதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. கற்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தினார்கள் என்பாரும் உண்டு. சுவரைக் கட்டி முடித்த பிறகுதான் அதன் மேலேயே உளி வைத்திருக்கிறார்கள். ஒரு தூணின் கொடிவேலை நாலைந்து செங்கற்களைத் தாண்டி ஓடும், இணைப்பில் கோடு பிசகாது. பழுதுபார்க்கும்போது வைத்த புதுச் செங்கல் பல இடங்களில் பாசி பிடித்தும் வெள்ளை உப்புப் பூத்தும் கிடக்கிறது; ஆயிரம் ஆண்டுப் பழைய செங்கல் செம்மண் நிறம் மாறாமல் இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டையும் பார்க்கும்போது அந்தக் கொத்தனார்கள் மேல் வருகிற மரியாதை சாதாரணமானதல்ல.

பி5 என்ற கட்டடத்தையும் தேடிப் பாருங்கள். சாமிக்கான நகைகளும் பூசைப் பொருள்களும் வைக்கும் இடம். கவிழ்த்த படகு போல வளைந்த கூரை. சுவரில் ஒரு மரத்தடியில் இரண்டு யானைகள். அப்புறம் ஏதாவதொரு கோபுரத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். வரிசை வரிசையாகச் செங்கல் உள்நோக்கி நீண்டு, மேலே போகப் போகக் குறுகி, இருட்டில் முடியும். கருவறைக்கு மேல் விமானத்தை உள்ளிருந்து பார்க்கிற வாய்ப்பு நம் ஊரில் அதிகம் கிடைக்காது.

ஏ தொகுதிக்குப் போகும்போது மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். மீ சன்னிலேயே பெரியதாக இருந்தது ஏ1 கோயில், 24 மீட்டர் உயரம், கிழக்கிலும் மேற்கிலும் வாசல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்றி பார்மாந்தியே வரைந்த படங்களில் அது முழுசாக இருக்கிறது. வியட்நாம் போரின்போது, 1969 ஆகஸ்டில், அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் மண்மேடானது. காட்டுக்குள் எதிர்ப்படை பதுங்கியிருந்தது என்பது காரணம். பாரிஸ் கிமே அருங்காட்சியகத்தின் பிலிப் ஸ்டெர்ன் அதிபர் நிக்சனிடம் முறையிட்டார். அதன் பிறகே சாம் சின்னங்களைத் தாக்கக் கூடாது என்று உத்தரவு போனது. குண்டு விழுந்த பள்ளங்கள் கோயில்களுக்கு நடுவே இன்னும் இருக்கின்றன. வெடிக்காத குண்டுகளைப் பொறுக்கி எடுத்தபோதும் உயிர்கள் போயின. அதற்கப்புறம் 1980களிலிருந்து கசிமியர்ஸ் க்வியாத்கோவ்ஸ்கி என்ற போலந்துக் கட்டடக் கலைஞர் இங்கே பல ஆண்டுகள் உழைத்தார். 1997இல் வியட்நாமிலேயே இறந்தார். இன்று நாம் பார்ப்பது எழுந்து நிற்பதில் அவர் பங்கு பெரியது.

ஏ, எச், கே தொகுதிகளைச் சீரமைத்தது நம் இந்தியத் தொல்லியல் துறை. அந்தப் பணியின்போது 2020இல் ஏ10 கோயிலில் ஒரே கல்லால் ஆன 9ஆம் நூற்றாண்டு லிங்கம் கிடைத்தது. ஆவுடையாரும் லிங்கமும் ஒரே மணற்கல்லில். தவறாமல் பாருங்கள்.

"தமிழ் மன்னன் கட்டியதாமே?" என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. கட்டியவர்கள் சாம் அரசர்கள், சாம் கொத்தனார்கள். கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் சாம் மொழியிலும் இருக்கின்றன. எழுத்து தென்னிந்திய எழுத்துகளோடு உறவுள்ளது, அந்தத் தொடர்பு உண்மை, மகிழ்ச்சியாக ஏற்கலாம். அதற்காக அவர்கள் உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்வது சரியில்லை. அந்த மக்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மீ சன்னில் பூசை இல்லை, விளக்கு இல்லை. அது உங்களுக்கு உறுத்தினால், நேரமும் இருந்தால், தெற்கே ஃபான் ராங் ஊருக்குப் போங்கள். அங்கே குன்றின் மேல் போ க்லோங் கராய் கோயிலில் முகலிங்கத்துக்கு (முகம் செதுக்கிய லிங்கம்)ச் சாம் பூசாரிகள் இன்றும் வழிபாடு செய்கிறார்கள். சாம் நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், நமக்கு செப்டம்பர் அல்லது அக்டோபரில், காத்தே திருவிழா வரும். சாமியின் உடைகளை மலையில் வாழும் ராக்லாய் மக்கள் பாதுகாத்து வைத்திருந்து கொண்டுவருவார்கள். நீராட்டி, உடுத்தி, படையல் வைப்பார்கள்.

கடைசியாக, பயணத்துக்கு: மத்திய வியட்நாமில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடும் மழை, வெள்ளமும் வரும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். எப்போது போனாலும் காலையில் திறந்தவுடன் உள்ளே இருங்கள். பள்ளத்தாக்கு என்பதால் காற்று வராது, பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, சுற்றுலாப் பேருந்துகளும் வந்துவிடும். தண்ணீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும்.