ஜெர்மனிக்கு மாற்றல்: எதை ஏற்றுவது, எதை விடுவது?

கேள்வி: கணவர் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜென்ட். டெக்சாஸிலிருந்து ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு மாற்றல். மைக்ரோவேவ், மிக்ஸி, கிரைண்டரையெல்லாம் எடுத்துப் போகலாமா?

பதில்: முதலில் ஒவ்வொரு சாதனத்தின் அடியிலும் உள்ள லேபிளைப் பாருங்கள். '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்றிருந்தால் பிளக் அடாப்டர் போதும். லேப்டாப், செல்போன் சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த ரகம். '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' மட்டும் என்றால் யோசியுங்கள். அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் மைக்ரோவேவ் சூடேறிக் கெடலாம். மின்னோட்ட அதிர்வெண்ணை நம்பி ஓடும் பழைய கடிகாரம் மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். மைக்ரோவேவை விற்றுவிடுங்கள்.

கோயம்புத்தூரில் வாங்கிய கிரைண்டரா? தாராளமாக ஏற்றுங்கள். டெக்சாஸில் வோல்டேஜை உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டியது, அங்கே எர்த் உள்ள அடாப்டரோடு நேராகவே ஓடும். கல்லைத் தனியே கழற்றிச் சுற்றுங்கள். டிரம்மோடு விட்டால் அச்சு வளையும்.

குடும்பத்தோடு போகும் சார்ஜென்டுக்கு, ராணுவச் செலவில் ஏற்றும் சாமான்களின் எடை வரம்பு 9,000 பவுண்டு. மிஞ்சினால் செலவு உங்களுடையது. கிங் சைஸ் கட்டில் அங்குள்ள குறுகலான மாடிப்படியில் ஏறாமல் போகலாம். சுவர் அலமாரி இல்லாத வீடுகள் அதிகம், எனவே பீரோ வேண்டும். குக்கர், தோசைக்கல், போர்வையை முன்னதாகப் போகும் சிறிய சரக்கில் போடுங்கள். கப்பல் சரக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும்.