தொட்டி உயரத்தைப் பார்த்தீர்களா?

மாடியில் 40 குரோ பேக் (செடி வளர்க்கும் பை). மாடித் தொட்டிக் குழாயில், நேரத்துக்குத் தண்ணீர் விடும் டைமர் வாங்கி மாட்டினேன். விளக்கு எரிகிறது, தண்ணீர் வரவில்லை. பழுதான பொருளா? - தாம்பரம் வாசகர்

டைமரில் பழுது இருக்காது, உங்கள் தொட்டிக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். மாடித் தொட்டி பைகளுக்கு மேலே ஆறடி என்றால் 0.2 பாரைக்கூடத் தொடாது. சோலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறப்பது) வைத்த டைமர்கள் பலவும் அரை பார் இல்லாமல் திறப்பதே இல்லை. உங்களுக்கு வேண்டியது பால் வால்வு (ball valve, உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பித் திறப்பது) டைமர். அதில் சின்ன மோட்டார் வால்வைத் திருப்புவதால் தொட்டித் தண்ணீருக்கும் ஓடும்.

நானும் இப்படி ஏமாந்தவன். மாடித் தொட்டிக்கு என்று சொல்லித்தான் கேட்டேன், "எல்லா குழாய்க்கும் ஓடும் சார்" என்றார் கடைக்காரர். பன்னிரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் தக்காளி சுருண்டு கிடக்கிறது. பையின் ஓரத்தை விட்டு மண் ஒரு விரல் அளவு விலகி நிற்கிறது. தேங்காய் நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை அப்படிக் காய்ந்துவிட்டால் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அந்த இடுக்கு வழியாகவே ஓடிவிடும். குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று பெட்டியின் முகப்பிலேயே பெரிதாகப் போட வேண்டாமா? கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டால் யார் படிப்பார்கள்? விற்பவர் இதைச் சொல்லாமல் விற்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

60 அடிக்குச் செம்பருத்தி வேலி. ஸ்பிரிங்க்ளர் போடலாமா? - கோவை

வேண்டாம். பாதித் தண்ணீர் காற்றோடு தெருவுக்குப் போய்விடும். தூரோரமாக 16 மி.மீ. இன்லைன் டிரிப் குழாய் (சொட்டுவிடும் டிரிப்பர்கள் உள்ளேயே பதித்தது) ஒன்று போதும்.

கீரைப் பாத்திக்கும் அதே குழாய் ஆகுமா?

ஆகும், ஓரடிக்கு ஒரு வரிசை. முளைக்கும் வரை மட்டும் பூவாளி.

ஐ.எஸ்.ஐ. குழாய் என்று 4,000 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாவது வாரமே வெயிலில் வெடித்தது. துண்டுச்சீட்டில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று இருக்கிறது என்கிறார்கள். - மதுரை

அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள் அம்மா. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், பில் தராததும் அப்படித்தான். சொட்டுநீர்ப் பக்கக் குழாய் என்றால் அதன் மேல் ஐஎஸ் 12786 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் பக்கம் இன்னும் பலம். வெடித்த துண்டு, சீட்டு, பணம் அனுப்பிய பதிவு மூன்றையும் பத்திரமாக வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. விடாதீர்கள்.

போர் தண்ணீர். ஃபில்டர் போடவில்லை, டிரிப்பர் எல்லாம் அடைத்துவிட்டது. பில்லும் இல்லை. கம்பெனியிடம் கேட்கலாமா?

என்னவென்று கேட்பீர்கள்? சில நூறு ரூபாய் ஃபில்டரை மிச்சம் பிடித்தது நீங்கள். இன்றே ஒன்று வாங்கி மாட்டுங்கள், பில்லோடு. குழாயின் கடைசி மூடியைக் கழற்றி மண் போகும் வரை தண்ணீரை விடுங்கள். வெள்ளையாக உப்பு படிந்த டிரிப்பரை வினிகர் கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள்.