மகளை ஸ்குவாஷ் வீராங்கனை ஆக்கலாமா?

மகளுக்கு 13 வயது, மாநில அளவில் ஜெயிக்கிறாள், ஸ்குவாஷையே தொழிலாக எடுத்துக்கொள்ள விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விடலாம். ஆனால் ஜூனியர் கோப்பைகளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நான்கு சுவருக்குள் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் இந்த ஆட்டத்தில் ஒருவர் முழுதாகத் தேறிவர பத்து வருஷமாவது பிடிக்கும். அதுவரை செலவை யார் தாங்குவது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

நம்ம சென்னை ஜோஷ்னா சின்னப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000-இல் முதல் தேசியப் பட்டம் வென்றபோது பள்ளி மாணவி. 2005-இல் பிரிட்டிஷ் ஜூனியர் ஓப்பனில் 19 வயதுக்கு உட்பட்டோர் பட்டம். அதே வருஷம் உலக ஜூனியர் இறுதிப் போட்டிக்கும் போய், எகிப்தின் ரனீம் எல் வெலீலியிடம் தோற்றார். அவ்வளவு திறமை இருந்தும் உலகத் தரவரிசையில் பத்தாம் இடத்துக்கு வந்தது 2016-இல்தான். அப்போது அவருக்கு முப்பதை நெருங்கிய வயது.

ஏன் இத்தனை காலம்? ஜூனியரில் வேகமாக அடிக்கிற பிள்ளை ஜெயித்துவிடும். மேலே போனால் எல்லோரும் வேகமாகத்தான் அடிப்பார்கள். அங்கே பந்தைப் பக்கச் சுவரை ஒட்டியே பின் மூலைக்கு அனுப்பி, எதிராளியை அங்கே இழுத்துவிட்டு, அவர் திரும்புவதற்குள் கோர்ட்டின் நடுவில், கோடுகள் ஆங்கில ‘T’ போல் சேருகிற ‘டி’-யில் வந்து நிற்க வேண்டும். ஒரே பாயிண்டுக்குள் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அந்தப் பொறுமை வயதோடுதான் வருகிறது. ஒவ்வொரு முறை குனிந்து பாயும்போதும் முழங்கால்தான் அடி வாங்கும். ஜோஷ்னாவும் முழங்கால் காயத்தால் மாதக்கணக்கில் ஆடாமல் இருந்திருக்கிறார். தரவரிசைப் புள்ளிகள் 12 மாதத்துக்குத்தான் செல்லும் என்பதால், காயத்தோடு உட்கார்ந்திருந்தால் ரேங்கும் சரிந்துகொண்டே போகும்.

அப்புறம் பணம். உலகச் சுற்றில் கீழ்நிலைப் போட்டிகளின் பரிசு விமான டிக்கெட்டுக்கே காணாது. முதல் சுற்றில் தோற்றால் ஹோட்டல் வாடகையும் கையைக் கடிக்கும். ஜோஷ்னாவுக்கு ஆரம்ப காலத்தில் மிட்டல் சாம்பியன்ஸ் டிரஸ்ட் உதவியது. அந்த மாதிரிக் கை கொடுப்பவர் இல்லாமல் நின்றுபோன நல்ல ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாக ஸ்குவாஷ் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசும் ஸ்பான்சர்களும் இனி கொஞ்சம் திரும்பிப் பார்ப்பார்கள். உங்கள் மகள் நல்ல நேரத்தில்தான் வருகிறாள்.

அன்று ஜோஷ்னாவைத் தோற்கடித்த ரனீம் 2015-இல் உலக முதலிடத்தைப் பிடித்து, 2020-இல் ஓய்வும் பெற்றுவிட்டார். ஜோஷ்னா விடவில்லை. ரேங்க் நூறுக்கு வெளியே போயிருந்த நிலையில் 2025 அக்டோபரில் ஜப்பான் ஓப்பனை வென்றார். டிசம்பரில் சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலில் உலகக் கோப்பை நடந்தது. ஹாங்காங்குக்கு எதிரான இறுதிப் போட்டியில் முதல் ஆட்டமே அவருடையது. தன்னைவிட ரேங்கில் மேலே இருந்த லீ கா யீயை 39 வயதில் வென்று கொடுத்தார். பின்னால் அபய் சிங்கும் அனாஹத் சிங்கும் ஜெயிக்க, இந்தியாவுக்கு முதல் உலகக் கோப்பை. அனாஹத்துக்கு அப்போது 17 வயது! இரண்டு தலைமுறை ஒரே அணியில் ஆடியதைப் பார்த்த பூரிப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நல்ல ஸ்குவாஷ் ஆட்டக்காரர்களைத் தேடி எடுக்கின்றன. உலகக் கோப்பை அணியில் இருந்த நம் வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர்தான். மலேசியாவின் சிவசங்கரி சுப்பிரமணியம் கார்னெலில் படித்தவர், 2023-இல் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றார். 18 வயதுவரை உள்ளூரிலும் ஆசிய ஜூனியர் போட்டிகளிலும் ஆடட்டும். வெளிநாட்டுச் சுற்றுக்குப் பணத்தை இப்போதே கரைக்க வேண்டாம். அதில் ஒரு பங்கை நல்ல பிசியோவுக்கு ஒதுக்குங்கள், முழங்கால் வலிக்கிறது என்று அவள் சொல்வதற்கு முன்னாலேயே.