வீட்டில் சின்ன பார் அமைக்க என்னென்ன வாங்க வேண்டும்?

புது வீட்டு ஹாலில் ஒரு அலமாரி காலியாக இருக்கிறது, மாதம் ஒருமுறை ஏழெட்டு நண்பர்கள் வருவார்கள், என்னென்ன பாட்டில், என்னென்ன சாமான் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரில் எங்கள் வீட்டில் அடிக்கடி ஆள் கூடுவதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அலமாரியை நிரப்பும் ஆசையை முதலில் விடுங்கள். வருகிறவர்கள் என்ன குடிப்பார்கள் என்பதுதான் கணக்கு. எங்கள் கூட்டத்தில் விஸ்கியில் தண்ணீர் ஊற்றுபவர்கள், ஓல்டு மாங்க் ரம்மில் கோக் கலப்பவர்கள், பீரைத் தவிர எதையும் தொடாதவர்கள், ஜின் டானிக் கேட்பவர்கள் என்று நாலு வகைதான். ஒரு நல்ல பிளெண்டட் (பல விஸ்கிகளைக் கலந்து செய்த) விஸ்கி, ஒரு ரம், ஒரு ஜின், ஃபிரிட்ஜில் பீர். அவ்வளவுதான். 750 மி.லி. பாட்டிலில் 60 மி.லி. லார்ஜ் 12 வரும். எட்டுப் பேர் ஆளுக்கு மூன்று என்றாலும் இரண்டு பாட்டில் போதும்.

சிங்கிள் மால்ட், அதாவது ஒரே ஆலையில் வடித்த மால்ட் விஸ்கி, ஒன்று இருந்தால் அழகு. எங்கள் ஊர் அம்ருத் 2004-ல் முதலில் கிளாஸ்கோவில்தான் விற்பனைக்கு வந்தது. கோவாவின் பால் ஜானும் நன்றாக இருக்கும். ஆனால் அதைக் கேட்டுக் குடிப்பவருக்கு மட்டும் எடுங்கள். பெப்சி கலப்பவருக்கு பிளெண்டட்டே தாராளம். நீலம், பச்சை நிறத்தில் வரும் இனிப்பு மதுவான லிக்யூர்களை வாங்கினால் தூசி தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வெர்மூத் ஒயின் வகை என்பதால், திறந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். அதை அலமாரியில் வருஷக்கணக்காக வைத்திருக்கும் வீடுகள் நிறைய.

சரி, மிச்சமாகும் காசை எதில் போடுவது? ஐஸில். எந்த வீட்டுப் பார்ட்டியிலும் முதலில் தீர்வது சரக்கு அல்ல, ஐஸ். தலைக்கு அரை கிலோ என்று வையுங்கள். பீர் பக்கெட்டுக்குத் தனி. ஃபிரிட்ஜ் டிரே இதற்குக் காணாது. இரண்டு நாள் முன்பே உறைய வைத்து, ஜிப் பையில் சேர்த்துக்கொண்டே வரலாம், அல்லது பாக்கெட் ஐஸ் வாங்கலாம். பையை இறுக்கி மூடுவது முக்கியம். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் மீன் வாடை ஐஸில் ஏறி, ஜின்னில் வஞ்சிரம் மணக்கும். இன்னொன்று, ஐஸ் நிறையப் போட்டால் நீர்த்துவிடும் என்று பயந்து இரண்டு துண்டு மட்டும் போடுவார்கள். நடப்பது தலைகீழ். கிளாஸ் நிறைய போட்டால் சீக்கிரம் குளிர்ந்து மெதுவாக உருகும்.

டானிக் வாட்டரைச் சின்ன கேன்களாக வாங்குங்கள். பெரிய பாட்டில் திறந்து அரைமணியில் காற்று இறங்கிவிடும். அதைச் சோடா என்று நினைப்பவர்கள் உண்டு. கொய்னாவின் கசப்போடு சர்க்கரையும் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எலுமிச்சையை அன்றன்றைக்குப் பிழியுங்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சிய பாகு ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும்.

சாமான்களில் கட்டாயம் வேண்டியது 30, 60 மி.லி. அளவுக் கிண்ணம். கையளவில் ஊற்றினால் பாட்டியாலாவாகத்தான், அதாவது லார்ஜையும் தாண்டித்தான் விழும், குடிப்பவருக்கும் கணக்குத் தெரியாது. ஷேக்கர் இல்லையென்றால் இறுக்கமான மூடியுள்ள பாட்டில் போதும். ஜூஸ் சேர்வதைக் குலுக்குங்கள், சேராததைக் கலக்கினால் போதும். கார்க் திருகி ஒன்று இருக்கட்டும், யாராவது ஒயின் பரிசாகக் கொண்டுவருவார்கள். கிளாஸ் உயரமானது, குட்டையானது என இரண்டே வகை. ஆனால் ஆள் எண்ணிக்கையைப் போல் ஒன்றரை மடங்கு வேண்டும். எங்கே வைத்தோம் என்று மறந்து புதிதாக எடுப்பார்கள்.

அலமாரியில் வெயில் படக்கூடாது. விஸ்கி பாட்டிலைப் படுக்க வைக்காதீர்கள், சாராயம் பட்டுப் பட்டு கார்க் கெட்டுவிடும். ஒயின் மட்டும் படுக்கட்டும். குழந்தைகள் இருந்தால் பூட்டு வேண்டும்.

வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் வரம்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால் பாண்டிச்சேரியில் விலை குறைவு என்று டிக்கியில் அடுக்கிக்கொண்டு வராதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். அப்படி யாராவது வந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்புறம், குடிக்காதவர்களை மறந்துவிடாதீர்கள். நன்னாரி சர்பத், எலுமிச்சை, சோடா, நிறைய ஐஸ், அதே உயரமான கிளாஸ். எங்கள் வீட்டில் ஜின்காரர்களே பாதியில் இதற்கு மாறுவார்கள். வண்டி ஓட்டி வந்தவர்களிடம் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு கேப் போட்டுக் கொடுங்கள். சட்டப்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் வழக்கு. ஒரு லார்ஜிலேயே பலர் அதைத் தாண்டிவிடுவார்கள்.